மூடியைத் தொட்டால் மாமனார் உறுமுவார்

தங்க வயல் ஆண்டர்சன்பேட்டையில் செத்தவர்கள் போன வருஷம் பேசத் தொடங்கினார்கள். ஆம்ப்ளிஃபயர் வழியாக.

பஜாரின் பின்தெருவில், டயர் கடைக்கும் பேக்கரிக்கும் நடுவே ஒரு தகரக் கொட்டகை. வாசலில் பலகை: ‘ஆத்ம நாத நிலையம். செருப்பைக் கழற்றவும். செல்போனை அணைக்கவும்.’ மூளையைக் கழற்றி வைக்கச் சொல்லவில்லை. அதை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் கிறிஸ்தவர்கள், வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் இந்துக்கள், சாயங்காலம் பெங்களூர் ரயிலில் கசங்கி வந்து இறங்குகிறவர்களில் இரண்டு மதத்தாரும். மத ஒற்றுமையை வளர்க்க நம் ஊரில் மோசடியைப் போல ஒன்று கிடையாது.

உள்ளே சாம்ராஜ் ஐயா. கல்யாண ஆர்கெஸ்ட்ராவில் கிட்டார் வாசித்தவர். வாசித்தபோது யாரும் காசு கொடுக்கவில்லை. வாசிப்பதை நிறுத்தியதும் கொட்டினார்கள்.

சுரங்கம் ஓடிய காலத்தில் துரைமார் கிளப்பில் இருந்த எலெக்ட்ரிக் கிட்டாராம் அது. கம்பிகளுக்குக் கீழே ஒரு உலோக டப்பி இருக்கும், பிக்கப் என்பார்கள். உள்ளே காந்தம், அதைச் சுற்றி முடியைவிட மெல்லிய செம்புக் கம்பிச் சுருள். கம்பியின் அதிர்வைக் கரண்ட்டாக மாற்றுவதுதான் அதன் வேலை. ஐயாவோ அதற்கு வேறு வேலை போட்டுக் கொடுத்திருந்தார். சுரங்க ஷாஃப்ட்டில் பாறை வெடித்துச் செத்தவர்களின் ஆவியெல்லாம் மேலே ஏறி அந்த டப்பிக்குள் குடிபுகுந்துவிட்டதாம். மனுஷன் மேலே வர கேஜ் என்கிற கூண்டு லிஃப்ட் வேண்டும். ஆவிக்கு வேண்டாம் போல.

அப்பனையும் தாத்தனையும் பூமிக்குள் அனுப்பிய ஊர் இது. உள்ளே போய் வராத ஆள் எந்த வீட்டில் இல்லை? அந்த வலியில் கை வைத்தான் பாவி. எனக்கு வயிறு எரிந்தது அதற்குத்தான்.

முறை இதுதான். கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூட வேண்டும். ஆம்ப்ளிஃபயரில் ‘ம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். கேள்வியைச் சொன்னதும் ஐயா உங்கள் மணிக்கட்டைப் பிடித்துக் கிட்டார்மேல் வைப்பார். இரைச்சல் அடங்கினால் ஆவிக்குச் சம்மதம். உறுமினால் கோபம்.

முதல் தடவை வந்த எல்லாருக்கும் உறுமியது. ஒருவருக்குக்கூட அடங்கவில்லை. ‘சாந்தி’க்குக் காணிக்கை கட்டிவிட்டு மறுபடி வந்தால் சமர்த்தாக அடங்கும். தங்க வயலில் செத்தவர்கள் அத்தனை பேரும் முன்கோபிகளா என்று யாரும் கேட்கவில்லை.

இப்படி ஒரு சாயங்காலம் ஈவ்லின் அம்மா தன் மகன் ஜெயகரனையும், அவனுக்கு நிச்சயமான இசபெல்லாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த ஞாயிறுதான் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலையை, மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டியதில், முதல் தடவை வாசித்திருந்தார்கள். ‘இந்தத் திருமணத்துக்கு ஆட்சேபனை உண்டானால் சொல்லலாம்’ என்று பாஸ்டர் கேட்டபோது கோயிலில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆட்சேபனை கொட்டகையில் வந்தது. இசபெல்லாவின் கை பட்டதும் கிட்டார் உறுமிய உறுமலில் பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்தார்.

“உங்க வீட்டுக்காரருக்கு இந்தப் பொண்ணு புடிக்கலம்மா” என்றார் ஐயா. “மூணு சாந்தி கட்டணும்.”

“நான் கட்டமாட்டேன்” என்றாள் இசபெல்லா.

“அப்ப இந்தக் கல்யாணம் ஆகாது.”

ஈவ்லின் அம்மா அழுதார். நடிப்பில்லை. கணவர் சுரங்கத்தில் போனபின் அந்த வீட்டில் பேச ஆள் இல்லை. மகன் பெங்களூரிலும் ரயிலிலும் குடியிருந்தான். வாரத்துக்கு ஒரு நாள் இந்த இரைச்சலிடம் வந்து பருப்பு விலை முதல் பக்கத்து வீட்டுச் சண்டை வரை சொல்லிவிட்டுப் போவார். அந்த மனுஷன் வேண்டாம் என்கிறார் என்றால் மீற முடியுமா?

“ரெண்டாவது ஓலைய நிறுத்தச் சொல்லிடறேன்” என்றார்.

ஜெயகரன்? நல்ல பையன். வாயைத்தான் பெங்களூர் ஆபீஸிலேயே வைத்துவிட்டு வந்திருந்தான்.

ஐயா ஒன்றை விசாரிக்காமல் விட்டுவிட்டார். இசபெல்லா பெங்களூரில் ஒரு கிட்டார் பட்டறையில் வேலை செய்கிறாள். பழைய பிக்கப்புகளை மீட்டரில் அளந்து, எது அசல், எது ஒட்டுப்போட்டது என்று சொல்வதுதான் அவளுக்குச் சம்பளம். கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போனவர் நம் ஐயா.

சனிக்கிழமை கூட்டம் நிரம்பி வழிந்தபோது தோள்பையோடு வந்தாள். பின்னாலேயே ஈவ்லின் அம்மாவும் ஜெயகரனும்.

“ஐயா, இவ்ளோ பழைய பிக்கப்புக்கு எங்க பட்டறையில நல்ல விலை கொடுப்பாங்க. அளந்து பாக்கட்டுமா?”

விலை என்றதும் ஐயாவின் முகத்தில் ஞானம் பிறந்தது. கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினார். “பாத்தீங்களா? பெங்களூர்லேர்ந்து மிஷினோட வந்துகீறாங்க. விஞ்ஞானமே நம்ம வாசல்ல வந்து நிக்குது.”

விஞ்ஞானம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தது. கிட்டாரின் வயரைப் பிடுங்கி, செருகும் இடத்தில் மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்தாள்.

“ஏழு கிலோ ஓம். சுருள் நல்லா இருக்கு.”

“ஏழு லோகம்” என்று ஐயா கூட்டத்துக்கு விளக்கினார். இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

“இப்ப பீப் சத்தம் கேளுங்க. ரெண்டு இடம் நேரா ஒட்டியிருந்தா மீட்டர் கத்தும்.” ஒரு முனையை எர்த்திலும் மற்றதை கிட்டார் கம்பியிலும் வைத்தாள். பீப். “கம்பி எர்த்தோட இருக்கு. சரி. பிக்கப் மூடியும் எர்த்தோடதான் இருக்கணும்.” மூடியில் வைத்தாள். சத்தமில்லை. மீட்டர் மறுபடியும் ஏழு கிலோ ஓம் காட்டியது. எர்த்தை விட்டுவிட்டு முனையை, சத்தம் போகும் வயரான சிக்னல் பக்கம் மாற்றினாள். பீப்.

“இன்னாம்மா அது?” என்றார் ஐயா. குரலில் ஞானம் கொஞ்சம் வற்றியிருந்தது.

“மூடிய சிக்னல்ல கொண்டுபோய் ஒட்டியிருக்கீங்க.” திருகைக் கழற்றி பிக்கப்பைத் தூக்கிக் காட்டினாள். ஈயம் எல்லாம் பழசாகிக் கறுத்திருந்தது. ஓரிடத்தில் மட்டும் பளபளவென்று புது ஈயம். “எழுபது வருஷத்து வேலையில நேத்து வெச்ச ஈயம்.”

பழையபடி பொருத்தி, வயரைச் செருகினாள். ‘ம்ம்ம்’ வந்தது.

“அத்தை, வாங்க. கண்ண மூடாதீங்க.”

ஈவ்லின் அம்மாவின் மடியில் கிட்டாரை வைத்தாள். “கம்பியத் தொடுங்க.” இரைச்சல் அடங்கியது. “மூடியத் தொடுங்க.” உறுமியது. “கம்பி.” அடங்கியது. “மூடி.” உறுமியது.

“உங்க கண்ண மூடச் சொல்லிட்டு, காசு கட்டாதவங்க கைய மூடியில வெப்பாரு. கட்டினவங்க கைய கம்பியில வெப்பாரு. அந்த இரைச்சல் சுவத்துல ஓடுற கரண்ட்டோடது. நம்ம உடம்பு அத இழுத்துக் கொடுக்குது.”

“ஆத்மா மூடியிலதாம்மா இருக்கு” என்று ஐயா எழுந்தார். “அதனாலதான் அங்க கோபம்.”

“அப்ப நீங்க தொடுங்க. சாந்தியெல்லாம் நீங்கதானே செய்றீங்க.”

தொடமாட்டேன் என்றவரின் கையைப் பிடித்து மூடியில் வைத்தது யார் தெரியுமா? ஜெயகரன். பெங்களூரிலிருந்து வாய் வந்து சேராவிட்டாலும் கை வந்திருந்தது. கிட்டார் உறுமிற்று.

“உங்க மேலயும் மாமாவுக்குக் கோபம் போல” என்றாள் இசபெல்லா.

பையிலிருந்து சால்டரிங் அயர்னை எடுத்துச் சூடேற்றினாள். மூடியின் வயரைச் சிக்னலிலிருந்து எடுத்து எர்த்தில் பற்றவைத்தாள். அதன்பிறகு மூடியைத் தொட்டாலும் அடங்கியது, கம்பியைத் தொட்டாலும் அடங்கியது. சுரங்கத்தில் செத்த அத்தனை பேருக்கும் ஒரு பொட்டு ஈயத்தில் சாந்தி கிடைத்தது. கூட்டம் ஐயாவிடம் போட்ட காணிக்கையைக் கேட்டுக் கூச்சலிட, ஐயா பின்கதவு வழியாக மோட்சம் போனார்.

ஈவ்லின் அம்மா மட்டும் கிட்டாரை மடியிலிருந்து இறக்கவில்லை.

“அப்ப அவரு இதுல இல்லியா?”

“இல்ல அத்தை.”

“இவ்ளோ நாளா நான் யார்கிட்ட பேசினேன்?”

இசபெல்லா பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உன்ன அவருக்குப் புடிச்சிருக்குமான்னு இனிமே எனக்கு எப்படித் தெரியும்?”

“அவர்கூடக் குடும்பம் நடத்தினது நீங்கதானே? அந்த டப்பி இல்லையே.”

ஈவ்லின் அம்மா யோசித்தார். கொட்டகைக்குள் நுழைந்த நாளிலிருந்து அவர் யோசித்தது அதுதான் முதல் தடவை.

“அவரு எதுக்கும் வேணாம்னு சொன்னதே இல்லம்மா” என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “எல்லாத்துக்கும் வேணாம் சொல்றது நான்தான்.”

மறுநாள் கோயிலில் இரண்டாவது ஓலை. பாஸ்டர் வாசித்து முடித்து, ஆட்சேபனை உண்டா என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து ஸ்பீக்கர் ‘ம்ம்ம்’ என்று உறுமியது. கோயிலே விறைத்துப் போனது. முதல்நாள் கொட்டகையில் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவர்களே ‘ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்’ என்று முணுமுணுத்தார்கள். பாஸ்டரும் ஓலையைக் கீழே வைத்துவிட்டார்.

ஈவ்லின் அம்மா எழுந்து நின்றார்.

“யாரும் ஒண்ணும் சொல்லல பாஸ்டர். மைக்குல எர்த்து வுட்டுப்போயிருக்கு. நீங்க படிங்க.”

கல்யாணம் நடந்தது. பிரியாணி நன்றாகவே இருந்தது. சாம்ராஜ் ஐயா இப்போது பூதிகோட்டைப் பக்கம் ஒரு பழைய ரேடியோவோடு உட்கார்ந்திருக்கிறாராம். கூட்டம் தாங்கவில்லையாம். நம் ஊரிலிருந்தும் ஆட்டோ பேசிக்கொண்டு போகிறார்கள். போகிறவர்களே, ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கண்ணை மூடச் சொன்னால், முதலில் அதைத் திறந்து வையுங்கள்.