என் வீட்டுக்காரருக்கு நாலு எதிரிகள் இருந்தார்கள்

மதிப்பிற்குரிய குற்றக் கதை நிகழ்ச்சி நடத்தும் ஐயா அவர்களுக்கு,

தங்கள் ‘வயல்வெளியில் ஒரு வஞ்சம்’ நிகழ்ச்சியின் நான்கு பாகங்களிலும் கொலையுண்டவராக வரும் மோட்டார் மெக்கானிக்கின் மனைவி எழுதிக்கொள்வது. இங்கு நலம். தங்கள் நலமும் தங்கள் தொண்டையின் நலமும் அறிய ஆவல். மூன்றாம் பாகத்தில் நிறைய இருமினீர்கள். வெந்நீர் குடிக்கவும்.

முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபத்தில் மறந்துபோகும். ஆறு வருஷத்துக்கு முன்னால் வயல் மோட்டார்களில் செம்புக் கம்பி திருட வந்த மூன்று பேர், தடுக்கப்போன என் வீட்டுக்காரரைப் பம்பு செட் வாசலில் அடித்துக் கொன்றதையும், பிடிபட்டுச் சிறைக்குப் போனதையும் பிசகாமல் சொன்னீர்கள். திருடர்களின் உயரம், செருப்பு, வந்த வண்டியின் நிறம் எல்லாம் சரி. ஒரே ஒரு ஆளைத்தான் தப்பாகச் சொல்லிவிட்டீர்கள். செத்துப்போனவரை.

‘அவருக்கு எதிரி என்று ஒருவர்கூடக் கிடையாது’ என்று தழுதழுத்த குரலில் சொன்னீர்களே, ஐயா, இந்தக் கையகல ஊரில் அவருக்கு நாலு எதிரிகள் இருந்தார்கள். மூன்று பேர் சலூனில் அவரோடு கேரம் ஆடுகிறவர்கள். நாலாவது ஆள் நான். ‘அவர் நுழைந்தாலே அந்த இடம் வெளிச்சமாகிவிடும்’ என்றீர்கள். அவர் நுழைந்த இடத்தில் செய்கிற முதல் வேலையே விளக்கை அணைப்பதுதான். “பட்டப்பகல்ல எதுக்கு லைட்டு?” என்று கேட்டுக்கொண்டே, நான் உள்ளே குளித்துக்கொண்டிருக்கும்போது வெளியே சுவிட்சைத் தட்டிவிட்டுப் போகிற மனுஷர். ஊரில் எந்த மோட்டார் நின்றாலும் ஓடிப்போவார் என்றீர்கள், அது நிஜம். எங்கள் வீட்டு ஃபேனைத் துடைப்பக்கட்டையால் ஒரு தள்ளு தள்ளினால்தான் சுற்றும், அதுவும் நிஜம். “நாளைக்குப் பாக்கறேன்” என்பார். கல்யாணமான புதிதில் சொன்ன நாளை அது. ‘யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேசாதவர்’ என்றீர்களே, அங்கேதான், போனில் கேட்டுக்கொண்டே ஓட்டிவந்த பால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அழுகை வந்துவிட்டது. பால் கொஞ்சம் தாமதம், அன்றைக்கு எல்லார் வீட்டிலும் என்னைத்தான் கடிந்தார்கள்.

நான் பால் வண்டி ஓட்டுகிறேன் என்று சொல்லவில்லையே. உங்கள் நிகழ்ச்சியைக் கேட்டுவிட்டு வருகிறவர்கள் எல்லாம் என்னிடம்தான் வழி கேட்கிறார்கள். போன வாரம் ஒரு ஜோடி, கழுத்தில் கேமராவோடு, “அக்கா, அந்தக் கொலை நடந்த பம்பு செட் எந்தப் பக்கம்?” என்றது. கையைக் காட்டினேன். அந்தப் பெண் உச்சுக்கொட்டி, “அவர் ரொம்ப நல்லவராமேக்கா, உங்களுக்குத் தெரியுமா?” என்றாள். “அவ்வளவு பழக்கம் இல்லைம்மா” என்று சொல்லிவிட்டு வந்தேன். பொய் இல்லை. நீங்கள் சொன்ன ஆளோடு எனக்குப் பழக்கமே கிடையாது.

ஊர்க்காரர்களையும் சும்மா விடவில்லை நீங்கள். ஆறு வருஷமாக என்னைக் கண்டால் அவர் பேச்சையே எடுக்கமாட்டார்கள். ‘மோட்டார்’ என்ற சொல் வாயில் வந்தால்கூட மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். இருட்டும் நேரத்தில் பம்பு செட் பாதையில் ஈ காக்கை போகாது. நீங்கள் வந்து மைக்கை நீட்டினீர்கள், எல்லாருக்கும் வாய் திறந்தது. திறந்த வாயிலிருந்து வந்தது வேறொருத்தர். சலூன்காரர் உங்களிடம் ‘அவன் என் உயிர் நண்பன்’ என்றார் அல்லவா? கேரமில் சிவப்புக் காய்க்காக இரண்டு பேரும் கட்டிப் புரளாத குறை. முடிவெட்டிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சண்டை மறுபடி கிளம்பி, சலூன்காரர் கத்திரியை வைத்துவிட்டு, “மிச்சத்த வேற எங்கயாவது வெட்டிக்கோ” என்றார். இவர் விடுவாரா? வேறு எங்கும் போகாமல், ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் மைதானமாக ஊரெல்லாம் சுற்றினார், கொள்கைக்காக! அந்தத் தலையோடுதான் என்னைச் சினிமாவுக்கும் கூட்டிப்போனார்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன், தம்பி. (தம்பி என்று வந்துவிட்டது, உங்கள் குரலைக் கேட்டால் சின்ன வயசுபோலத்தான் இருக்கிறது.) பொறுக்க முடியாமல் போனது என் மகளால். அப்பா போனபோது அவளுக்கு நாலு வயசு. இப்போது பத்து. அவள் கையில் இருந்த அப்பா கொஞ்சம்தான், அதையும் உங்கள் நாலு பாகம் விழுங்கிவிட்டது. திரும்பத் திரும்ப அதையே போட்டுக் கேட்டாள். திடீரென்று நல்லபிள்ளையாகிவிட்டாள். வாய்க்கு வாய் பேசுகிறவள், சொன்னதற்கெல்லாம் தலையாட்டினாள். எனக்குப் பயமாகப் போய்விட்டது. ஒரு நாள் கணக்குப் பரீட்சைத் தாளைப் பொடிப்பொடியாகக் கிழித்து அடுப்புச் சாம்பலில் புதைத்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். “அப்பா தப்பே பண்ணமாட்டாராம்மா. யாரையும் திட்டவேமாட்டாராம். நான் மட்டும் ஏம்மா இப்படி இருக்கேன்? நிஜமாவே நான் அப்பா பொண்ணுதானா?” என்றாள். திருடர்கள் ஒரு தடவை அவரைக் கொண்டுபோனார்கள், இப்போது நீங்கள் நல்ல வார்த்தையாலேயே இன்னொரு தடவை கொண்டுபோகிறீர்கள்.

இந்த நேரத்தில்தான் ஊராட்சித் தலைவி, பம்பு செட் வாசலில் ஒரு நினைவுப் பலகை வைக்க ஊரைக் கூட்டினார். ஓவியர் படம் வரைந்து கொண்டுவந்திருந்தார். சுருட்டை முடி, அகன்ற மார்பு, ஆறடி. என் வீட்டுக்காரர் அலமாரியின் மேல்தட்டுக்கு என்னைத்தான் கூப்பிடுவார். தலைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “யாரையும் கடிந்து பேசாத...” என்று பலகை வாசகத்தைப் படிக்க ஆரம்பித்தார். எனக்கு அருகில் மகள் கைகட்டி, பதுமைபோல உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்தேன், எழுந்துவிட்டேன். “நிறுத்துங்க. இந்த ஆறடி ஆளு யாருன்னே எனக்குத் தெரியாது. எம்புருஷன் குள்ளம். கேரம்ல ஏமாத்துவாரு. என்னைத் திட்டுவாரு, நானும் திட்டுவேன். அவரைக் குடுங்க எனக்கு!” என்றேன்.

தலைவிக்கு மழையைப் பற்றிப் பேசலாமா என்று ஒரு யோசனை ஓடியதை நானே பார்த்தேன். அப்போது கடைசி வரிசையில் சலூன்காரர் எழுந்தார். முகமெல்லாம் சிவந்திருந்தது. “முழங்கையால தள்ளுவான்மா! சிவப்ப முழங்கையால தள்ளிட்டு, ‘தானா போச்சு’ம்பான்! ஏமாத்துக்காரப் பய!” என்று கத்திவிட்டு, அப்படியே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். “மிச்சத்த வெட்டாமயே அனுப்பிட்டேனே அவன...” என்றார்.

அவ்வளவுதான், மடை உடைந்தது. விதைக் கடைக்காரர், “ரிப்பேர் பண்ண வந்தா நம்ம ஸ்க்ரூடிரைவர எடுத்துட்டுப் போயிடுவாரு, கேட்டா நம்மளையே திருப்பித் திட்டுவாரு” என்றார். அடுத்த தெருப் பாட்டுக்காரர், “நான் பாடினா ஃப்யூஸைப் பிடுங்கிடுவாரு” என்றார். அதற்கு ஊரே கைதட்டியது, அந்த ஒன்றில் எல்லாருக்கும் நன்றி இருந்தது. என் மகள் கட்டின கையை அவிழ்த்துவிட்டு, ஒவ்வொருத்தர் முகமாகத் திரும்பி “அப்புறம்? அப்புறம்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவள் அப்பாவுக்கும் பாடம் எடுத்த கணக்கு டீச்சரிடம் போய் நின்றாள். “டீச்சர், அப்பாவுக்குக் கணக்கு வருமா?” டீச்சர் யோசித்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஒரே போடாக, “சுத்தமா வராது கண்ணு. தாளைக் கிழிச்சு ஜன்னல் வழியா எறிஞ்சுடுவான்” என்றார். அந்த நிமிஷம் என் பெண்ணின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் தம்பி. பரிசு வாங்கினவள்கூட அப்படிச் சிரிக்கமாட்டாள்.

அன்று சாயங்காலம் பேசிக்கொண்டே எல்லாருமாக அந்தப் பாதையில் நடந்தோம். யார் முதலில் கிளம்பினார்கள் என்று தெரியவில்லை. இப்போது கேரம் பலகை பம்பு செட்டுக்கே குடிபோய்விட்டது. நினைவுப் பலகையில் படம் கிடையாது. ‘இங்கே முழங்கையால் காய் தள்ளக் கூடாது’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. படம் பிடிக்க வருகிறவர்கள் ஒன்றும் புரியாமல் கொஞ்ச நேரம் நிற்கிறார்கள், பிறகு ஆள் குறைந்தால் ஆட உட்கார்ந்துவிடுகிறார்கள். மகள் வாய்க்கு வாய் பேச ஆரம்பித்துவிட்டாள். நேற்று என்னை எதிர்த்துப் பேசிவிட்டு விளக்கையும் அணைத்துவிட்டுப் போனாள். திட்ட வாயெடுத்தேன், சிரிப்புத்தான் வந்தது.

ஆகவே, மேலே சொன்ன குள்ளம், கேரம், ஃபேன், பாதித் தலை, ஃப்யூஸ் எல்லாவற்றையும் ஐந்தாம் பாகமாக, அதே தழுதழுத்த குரலில் ஒன்றுவிடாமல் ஒலிபரப்பித் திருத்தும்படி கண்டிப்புடன் கேட்டுக்கொள்கிறேன். தாங்களும் தங்கள் குடும்பமும், திட்டுவதற்கும் திட்டு வாங்குவதற்கும் பக்கத்தில் ஆள் இருந்து, நூறாண்டு நலமாக வாழ வேண்டும்.

இப்படிக்கு,
நாலாவது எதிரி

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் ஒலிபரப்ப வேண்டாம். மகள் தாளைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். “அவங்களுக்கு அந்த ஆறடி அப்பாவே போதும்மா. நம்ம அப்பாவ எதுக்கு ஊருக்கெல்லாம் குடுக்கணும்?” என்கிறாள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. பிறகு எதற்கு அனுப்புகிறாய் என்று கேட்பீர்கள். ஸ்டாம்பு ஒட்டியாயிற்று, வீணாக்கினால் அவருக்குப் பிடிக்காது. படித்து முடித்ததும் மறந்துவிடுங்கள். அறையை விட்டுப் போகும்போது விளக்கை மட்டும் அணைத்துவிட்டுப் போங்கள்.