ஒற்றைக் கை வணக்கம்

பெண் கேட்கப் போகிறவன் பூ, பழத்தோடு போக வேண்டும். ஸ்க்ரூடிரைவரோடு போனால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

தொண்ணூறுகளில் தமிழ்நாட்டிலிருந்து மொரீஷியசுக்குக் கம்ப்யூட்டர் வாத்தியாராகப் போனேன். அங்கே வக்குவா என்ற ஊரில் சின்னத்தம்பு என்பவர் சிறிய தையல் கம்பெனி வைத்திருந்தார். அவர் மகள் தேவகியும் நானும் கோயில் பஜனையில் பழகிக் கல்யாணம் வரை பேசிவிட்டோம். அப்பாதான் பிடி கொடுக்கவில்லை. "ப்ரொஃபேஸேருக்கு வாய் இருக்கு. வேலை தெரியுமா?" என்றார்.

அந்தச் சமயம் ஒரு கடற்கரை ஓட்டல் தன் ஊழியர்களுக்கு அரைக்கால்சட்டை தைக்க ஆள் தேடியது. ஓட்டலின் பனைமரச் சின்னத்தைத் தைக்கும் மென்பொருளுக்குப் புது விண்டோஸ் வேண்டும். "நான் போட்டுத் தருகிறேன் ஐயா" என்று முந்திக்கொண்டேன். (வாய் சும்மா இருந்தால்தானே!)

ஓட்டல் மேனேஜர் வருகிற காலையில் சிடி டிரைவ் காலை வாரிவிட்டது. தட்டு பாதி போய்த் திரும்பி வந்தது. பிரித்துப் பார்த்தால், அதை இழுக்கும் ரப்பர் வளையம் தொளதொளத்துக் கிடந்தது. சின்னத்தம்புவிடம் உதவி கேட்கக் கௌரவம் விடவில்லை. பக்கத்து ஆணியில் ஓர் அரைக்கால்சட்டை தொங்கியது. கழித்துப் போட்டது என்று நானே தீர்ப்புச் சொல்லி, இடுப்பு எலாஸ்டிக்கை உருவி, ஓர் இழை பிரித்து முடிச்சுப் போட்டு மாட்டினேன். 'டக்... டக்...' என்று முனகிக்கொண்டே தட்டு உள்ளே போனது. விண்டோஸ் ஏறியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

தையல் கம்பெனியில் ஆணியில் தனியே தொங்குவது, வாங்குபவருக்குக் காட்ட வேண்டிய மாதிரி. வாத்தியாரைத் தவிர எல்லோருக்கும் இது தெரியும். அதைத் தானே போட்டுக் காட்டுவது சின்னத்தம்புவின் வழக்கம்.

மேனேஜர் வந்தார். திரையில் பனைமரத்தைப் பார்த்து அசந்துபோனார். சின்னத்தம்பு மாதிரியைப் போட்டுக்கொண்டு, இடுப்பை ஒரு கையால் பிடித்தபடி வந்தார். தேவகியிடம் பெருமையாகச் சொன்னார்: "காவடி விரதம்! எவ்வளவு இளைச்சுட்டேன் பார்!"

நான் மிச்ச எலாஸ்டிக்கை அவசரமாகப் பைக்குள் திணித்தேன்.

வெள்ளைக்கார மேனேஜர் மரியாதை தெரிந்தவர். இரண்டு கைகளையும் கூப்பி, "வனக்கம்" என்றார். இவரும் மரியாதை தெரிந்தவர். இரண்டு கைகளையும் கூப்பினார்.

"அய்யோ, மோ கால்சோன்!"

கால்சோன் என்றால் எது என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அது அவர் கணுக்காலில் கிடந்தது.

மேனேஜர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாடாவும் வைத்துத் தையுங்கள்" என்று ஆர்டரை உறுதி செய்துவிட்டுப் போனார். என் பையிலிருந்து மிச்ச எலாஸ்டிக் வாலாட்டியது. சின்னத்தம்பு அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மகளிடம் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் சொன்னார்: "இவனை வெளியே விட்டால் தீவு முழுக்கச் சொல்லிவிடுவான். குடும்பத்துக்குள்ளேயே வைத்துக்கொள்வோம்."

இன்றும் மாமா எனக்கு ஒற்றைக் கையால்தான் வணக்கம் வைப்பார். மற்றக் கை இடுப்பில். அதுதான் முறை என்று நினைத்து எங்கள் பிள்ளைகள் கோயில் குருக்களுக்கும் அப்படியே வைக்கிறார்கள்.