உச்சிக்கிளை வைத்தியம்

சத்தியம், சத்தியம், முச்சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றால், எனக்கு மிஞ்சியிருக்கிற பல்லெல்லாம் இப்போதே உதிரட்டும்.

ஒரு காட்டில் செம்பாயி என்றொரு யானை இருந்தாள். அவளுடைய பின்னங்காலின் உள்ளங்காலில் முள் ஏறிவிட்டது. தும்பிக்கையை எப்படி வளைத்தாலும் கொஞ்சம்போல எட்டாமல் போனது. ஓடையோ வற்றிவிட்டது. அன்று பொழுது சாய்வதற்குள் மந்தை தண்ணீர் தேடி மலை தாண்டப் போகிறது. நொண்டுகிற யானைக்காக எந்த மந்தையும் நிற்காது.

முன்பெல்லாம் அந்தக் காட்டுக்குக் கரடிதான் வைத்தியர். தலைவலி என்று வந்த மானின் தலையில் அவர் ஒரு தட்டுத் தட்டினார். அதோடு மானுக்கு எந்த வலியும் இல்லாமல் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் புலிராஜா சட்டம் போட்டார்: "டாக்டர் சொல்லாமல் யாரும் யார்மேலும் கைவைக்கக் கூடாது!" கையோடு ரிப்பன் வெட்டிக் காணொளி வைத்தியத்தையும் திறந்துவைத்தார். டாக்டர், நகரத்து மிருகக்காட்சிசாலையில் கூண்டோடு குடியிருக்கும் ஆந்தையார். செல்போன் காட்டில் இருந்தது. சிக்னல் மட்டும் வேங்கை மரத்து உச்சிக்கிளையில் இருந்தது. அதனால் தவிட்டான் என்கிற குரங்கைச் சுகாதார ஊழியனாகப் போட்டிருந்தார்கள்.

"தம்பி தவிட்டான், டாக்டரைக் கொஞ்சம் பிடியப்பா" என்றாள் செம்பாயி, மரத்தடியில் மூன்று காலில் நின்றுகொண்டு.

"நோயாளி முகத்தைக் காட்டணும் பெரியம்மா. நீயும் ஏறி வா."

"நான் ஏறினா உன் மரம் மிஞ்சுமாடா?"

தவிட்டான் மட்டும் ஏறினான். கேமராவைக் கீழே திருப்பினால் இலைதான் தெரிந்தது. இந்தப் பக்கம் திருப்பினால் தன் முகம் அம்சமாகத் தெரிந்தது. அப்படியே வைத்துக்கொண்டான்.

பட்டப்பகல். ஆந்தையாருக்குக் கண்ணே திறக்கவில்லை.

"பேர்?"

"செம்பாயி."

"எடை?"

தவிட்டான் கீழே கேட்டுச் சொன்னான்: "நாலு டன், டாக்டர். கால்ல முள்ளு ஏறிடுச்சாம்."

ஆந்தையார் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார். பதறிப்போனார். "ஐயையோ! நாலு டன் உடம்பு இப்படியா இளைச்சுப்போகும்? சரி, காலைக் காட்டு."

தவிட்டான் தன் காலைத் தூக்கிக் காட்டினான்.

"முள்ளுமில்லை, கிள்ளுமில்லை. நோயே இளைப்புதான். வேளைக்கு ஒரு தார் வாழைப்பழம் சாப்பிடு. துரும்பைக்கூடக் கிள்ளிப்போடாதே. தரையில் கால் வைக்காதே, யாராவது சுமக்கட்டும்."

"என்னடா சொன்னார்?" கீழேயிருந்து செம்பாயி கத்தினாள்.

"எனக்கு ரொம்ப முடியலையாம் பெரியம்மா!" தவிட்டான் விம்மிக்கொண்டே இறங்கினான். "மண்டிபோடு. வாழைத்தோப்பு வரைக்கும் சுமக்கணுமாம்."

டாக்டர் சொல்லைத் தட்டலாமா? செம்பாயி முனகிக்கொண்டே மண்டியிட்டாள். பின்பாதம் வானம் பார்த்தது.

"ஆத்தாடி! எம்மாம் பெரிய முள்ளு!"

"தெரியுதா? பிடுங்குடா என் ராசா!"

"துரும்பைக்கூடக் கிள்ளக் கூடாதுன்னு உத்தரவு. இது துரும்பைவிடப் பெரிசா இருக்கே பெரியம்மா."

அந்த நேரம் பார்த்து மலைப்பக்கமிருந்து பிளிறல் கேட்டது. மந்தை கிளம்பிவிட்டது! செம்பாயி நோயாளியை வாலோடு சுருட்டித் தலைகீழாகத் தூக்கினாள். தும்பிக்கை எட்டாத மிச்சத் தூரத்துக்குக் குரங்கு சரியாக இருந்தது.

"பிடுங்குறியா? இல்லே, இந்த இளைச்ச உடம்பை மலைக்கு அந்தப்பக்கம் வீசட்டுமா?"

பிடுங்கினான். அடுத்த நொடி செம்பாயி புழுதி கிளப்பிக்கொண்டு மந்தையின் பின்னால் ஓடினாள்.

தவிட்டான் உச்சிக்கிளைக்குப் போய் முறைப்படி தகவல் சொன்னான்: "செம்பாயி எழுந்து ஓடிட்டாங்க, டாக்டர்!"

"பார்த்தாயா? எல்லாம் வாழைப்பழம் செய்த வேலை!" என்றார் ஆந்தையார், கண்ணை மூடியபடியே.

புலிராஜா செல்போனுக்கு மாலை போட்டார். இன்றுவரை அந்தக் காட்டில் யாருக்கு எந்த நோய் வந்தாலும் மருந்து வாழைப்பழம்தான். தவிட்டான்தான் கொஞ்சம் பருத்துவிட்டான்.

நீதி: முள் யார் காலில் தைத்தால் என்ன? சிக்னல் கிடைக்கிற கிளையில் உட்கார்ந்திருப்பவனே நோயாளி.

இதைச் சொன்னது யார் என்று மட்டும் யாரிடமும் மூச்சு விட்டுவிடாதீர்கள், சாமி. எனக்கு மூட்டுவலி, என் சார்பில் அந்தக் கிளைக்கு ஏறுகிறவனும் தவிட்டான்தான்.