சுவருக்கு வந்த சீட்டு

திங்கட்கிழமை காலை லாக்கரைத் திறந்தபோது, இடது ஷூவின் மேல் நாலாக மடித்த ஒரு சீட்டு கிடந்தது. கதவிலிருந்த காற்றுத் துளை வழியாக யாரோ உள்ளே தள்ளியிருந்தார்கள்.

'பயப்படாதே. முதலில் மூச்சை முழுசாக வெளியே விடு.'

அவ்வளவுதான். பெயர் இல்லை.

அவனுக்குப் பயம் இருந்தது உண்மை. ஆனால் அது யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தான். பதினாறு வருடமாக டேபிள் டென்னிஸ்தான் அவனுக்குச் சோறு போட்டது. எதிராளி எத்தனை வேகமாக அடித்தாலும், மேசையிலிருந்து பத்தடி தள்ளி நின்று திருப்பித் திருப்பி அனுப்புவான். அதனால் கிளப்பில் எல்லோருக்கும் அவன் 'சுவர்'. முப்பத்து நாலு வயதில் சுவரில் விரிசல் விட ஆரம்பித்திருந்தது. தொடர்ந்து ஆறு தோல்வி. வெள்ளிக்கிழமை மேனேஜர் கூப்பிட்டனுப்பி, மேசைக் காலண்டரைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

"இன்னும் நாலு மேட்ச் இருக்கு. ஒண்ணாவது ஜெயிங்க. இல்லேன்னா அடுத்த சீசனுக்கு வேற ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும்."

சீட்டை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் காட்டினான். அவள் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். எந்தக் கையெழுத்தையும் படித்துவிடுவாள்.

"டாக்டர் எழுதினது இல்ல. எல்லா எழுத்தும் புரியுது," என்றாள்.

"என்னைப் பத்தி நல்லாத் தெரிஞ்ச யாரோதான் எழுதியிருக்காங்க."

"உங்களைப் பத்தி நல்லாத் தெரிஞ்சது நான் ஒருத்திதான். நான் எழுதலை."

அடுத்த மேட்சில் முதல் சர்வீஸ். விரித்த உள்ளங்கையில் பந்தை வைத்து, சீட்டு சொன்னபடி மூச்சை முழுசாக வெளியே விட்டான். பந்து கையிலிருந்து பறந்து அம்பயரின் காலடியில் போய் நின்றது. இரண்டாம் தடவையும் அங்கேயே போனது.

"பந்தை அடிக்கணும், ஊதக் கூடாது," என்றார் அம்பயர்.

ஆட்டம் போயிற்று. ஆனால் வீட்டுக்குத் திரும்பும்போது அவன் யோசித்தது தோல்வியைப் பற்றி இல்லை. யார் எழுதியிருப்பார்கள்?

அடுத்த திங்கட்கிழமை இரண்டாவது சீட்டு வந்தது.

'தலையைத் தூக்காதே. கன்னம் தோளோடு ஒட்டி இருக்கட்டும்.'

நிலைக்கண்ணாடி முன்னால் நின்று, கன்னத்தைத் தோளில் சாய்த்து, வெறும் மட்டையை வீசிப் பார்த்தான். மனைவி உள்ளே வந்தாள்.

"போன்ல யாரு?"

"போன் இல்ல. பயிற்சி."

மூன்று நாள் பயிற்சியில் கழுத்து அப்படியே பிடித்துக்கொண்டது. மேட்சில் மேசை ஒரு பக்கமாகச் சரிந்து தெரிந்தது. பந்தெல்லாம் மலையிறங்கி வருவது போல வந்தது. நேர் செட்டில் தோற்றான். வெளியே வரும்போது மேனேஜர் ஏதோ ஆறுதல் சொல்ல வந்தார். கழுத்தைத் திருப்ப முடியாமல் அவன் பக்கவாட்டில் பார்த்தபடியே நடந்துவிட்டான்.

"தோத்ததும் இல்லாம மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போறாரு பாருங்க," என்று மேனேஜர் கோச்சிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

கோச் மேல் அவனுக்குச் சந்தேகம் விழுந்தது. நேரில் சொல்லத் தயங்கும் மனிதர்; எழுதிப் போட்டாலும் போடுவார். ஒரு பேப்பரையும் பேனாவையும் நீட்டினான்.

"சார், ஒரு ஆட்டோகிராப்."

"எட்டு வருஷமா என்கிட்ட ஆடறே. இப்ப எதுக்கு?"

"சும்மா. 'பயப்படாதே'ன்னு ஒரு வார்த்தையும் சேர்த்து எழுதுங்க."

கோச் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு எழுதினார். கோழி கிளறின மாதிரி இருந்தது. சீட்டிலிருந்ததோ முத்து முத்தான எழுத்து. கோச் அன்றே மேனேஜரிடம் போய், "பையனுக்கு மனசு சரியில்ல போலிருக்கு," என்று சொல்லி வைத்தார்.

மூன்றாவது சீட்டு: 'கால் இரண்டும் ஓயவே கூடாது. உதைத்துக்கொண்டே இரு.'

உதைத்தான். முதல் செட்டிலேயே ஆடுகளத்தைச் சுற்றி வைத்திருந்த தடுப்புப் பலகை ஒன்று எகிறி, கோச்சின் மடியில் போய் உட்கார்ந்தது. இரண்டாம் செட்டில் மேசைக் காலை உதைத்துக் கட்டைவிரல் வீங்கியது. மூன்றாம் செட்டை அம்பயரின் எச்சரிக்கையோடு நொண்டி முடித்தான்.

மனைவி அவன் காலுக்குக் கட்டுப் போட்டாள்.

"மூணு தடவை அது சொன்னதைக் கேட்டீங்க. மூணு தடவையும் தோத்தீங்க. இனிமே சீட்டு வந்தா கிழிச்சுப் போடுங்க."

"தோத்தாத் தோத்துட்டுப் போறேன். எழுதறது யாருன்னு தெரியலைன்னா எனக்கு மண்டை வெடிச்சிடும்."

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. மூன்று வாரமாக அவன் பயப்படவே இல்லை. பயப்பட நேரம் இருக்கவில்லை.

கடைசி மேட்சுக்கு முன்னால் நாலாவது சீட்டு வந்தது.

'எதிர்த்துப் போராடாதே. உடம்பைத் தளர விடு. அது தானாக உன்னைத் தாங்கும்.'

அதை அவன் லாக்கர் முன்னால் நின்று பலமுறை படித்தான். பதினாறு வருடமாக அவனுக்குத் தெரிந்ததெல்லாம் போராட்டம் ஒன்றுதான்.

எதிரே நின்றவன் போன வருடச் சாம்பியன், இருபத்தொரு வயது, அடித்தால் பந்து தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். முதல் இரண்டு செட்டையும் வாரிக்கொண்டு போனான். மூன்றாவது செட் தொடங்குமுன் நம் ஆள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இதற்கு மேல் போக என்ன இருக்கிறது என்று தோளைத் தளர விட்டான். பிடி இளகியது. வீங்கின கால் தானாக நகர்ந்தது. பந்து வந்த இடத்தில் மட்டை இருந்தது. மட்டை பட்ட பந்து வலையை ஒட்டி இறங்கியது. சாம்பியன் அடித்தான், மறுபடி அடித்தான், அடித்துக் களைத்தான். ஐந்தாவது செட்டில் பதினொன்றுக்கு ஒன்பது. மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்து கைதட்டினார். மறுநாளே அடுத்த சீசன் ஒப்பந்தம் கையெழுத்தானது.

திங்கட்கிழமை ஆறு மணிக்கே வந்து, லாக்கர்கள் வரிசையாக நின்ற நீண்ட நடைக்கூடத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். ஏழு மணிக்கு அவன் லாக்கர் இருந்த கோடியில் கதவு திறந்தது. ஈரத் தலையோடு, கழுத்தில் விசில் தொங்க, ஐம்பது வயது அம்மாள் ஒருத்தர் வந்தார். நேராக அவன் லாக்கருக்குப் போய்க் காற்றுத் துளையில் ஒரு சீட்டை நுழைத்தார்.

ஓடிப்போய்க் கைகூப்பினான்.

"அம்மா, நீங்க எந்தக் கிளப்புக்கு ஆடினீங்க?"

"நானா? நான் எதுவும் ஆடினதில்லையே."

"உங்க சீட்டுதான் என் பிழைப்பைக் காப்பாத்துச்சு. நாலு வாரமா நீங்க எழுதினதை அப்படியே செஞ்சேன்."

அந்த அம்மாள் அவன் கையிலிருந்த மட்டையைப் பார்த்தார். பிறகு லாக்கரைப் பார்த்தார்.

"இது உங்க லாக்கரா?"

"ஆமாம்மா. வரிசையில முதல் லாக்கர்."

"குளத்துலேர்ந்து வந்தா இதுதான் முதல், ஆபீஸ்லேர்ந்து வந்தா அந்தக் கோடியில இருக்கறது முதல்," என்றார் அவர் மெதுவாக. "நான் சத்தம் போட்டுச் சொல்லிக் கொடுத்தா ஊருக்கே தெரிஞ்சிடும், எழுதி முதல் லாக்கர்ல போடுங்கன்னாரு, பாவம், உங்க மேனேஜர் நாலு வாரமா என் நீச்சல் குளத்துல தண்ணி குடிச்சுக்கிட்டிருக்காரு."