பாஸ் அவளுடையது, வண்டி என்னுடையது

மதிப்பிற்குரிய அண்ணன் டுவெய்ன் அவர்களுக்கு,

தம்பி ஆர்லன் யூட்டா மாநிலத்து மலைக்காட்டு முகாமிலிருந்து எழுதுகிறேன். இங்கே நானும் டிரெய்லரும் ஏதோ இருக்கிறோம். மார்லிஸின் சுகத்துக்கு ஒரு குறைச்சலும் இல்லை, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அங்கே உங்கள் ரத்த அழுத்தமும் கார்லா அண்ணியின் முழங்காலும் சொன்னபடி கேட்டுக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே போனில் சிக்னல் கிடையாது, கிடைத்தாலும் பக்கத்தில் மார்லிஸ் இருப்பாள், அதனால் கையால் எழுதுகிறேன். எழுத்து ஏன் இவ்வளவு பெரிது என்று யோசிக்காதீர்கள். இந்த ஊர் வெளிச்சம் அப்படி.

அண்ணா, தேசியப் பூங்காக்களுக்குப் போக வயதானவர்களுக்கு ஒரு பாஸ் கொடுக்கிறார்களே, அறுபத்திரண்டு முடிந்தால் போதும், சாகும்வரை செல்லும், விலை ஏறுவதற்கு முன்னாலேயே வாங்கிவிட்டேன் என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வான்கோழியை வெட்டிக்கொண்டே சொல்வீர்களே, அந்தப் பாஸ்தான் என் மானத்தை வாங்கியது. மார்லிஸ் என்னைவிட எட்டு மாதம் மூத்தவள். கல்யாணத்தின்போது அது யார் கண்ணிலும் படவில்லை. இப்போது அவளுக்குப் பாஸ் வந்துவிட்டது, எனக்கு அக்டோபர் வரை பொறுக்க வேண்டும். பாஸ் வைத்திருப்பவரும் அவர் வண்டியில் கூட வருகிறவர்களும் உள்ளே போகலாம் என்பது சட்டம். அவள் பாஸ் வைத்திருப்பவர். நான் கூட வருகிறவன். பிக்கப் என்னுடையது, பின்னால் கட்டியிருக்கும் டிரெய்லர் வீடு என்னுடையது, நெப்ராஸ்காவிலிருந்து ஸ்டியரிங்கை ஒரு நிமிஷம் இன்னொருவர் கையில் கொடுக்காமல் ஓட்டி வந்தவன் நான். ஆனால் எந்தப் பூங்கா வாசலிலும் கூண்டுக்குள் இருக்கும் ரேஞ்சர் என்னை ஒரு ஜன்னல் கம்பி மாதிரி தாண்டி எட்டிப் பார்க்கிறான்.

"பாஸ் அம்மாவோடதா? வாங்கம்மா, வாங்க. கூட வந்திருக்கிறது யாரு?"

"எங்க வீட்டுக்காரர்தான். ஓட்டுறதுக்குக் கூட்டிட்டு வந்தேன்," என்கிறாள் மார்லிஸ்.

இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். நான் முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முகாமில் தங்குவதற்கும் அந்தப் பாஸுக்குப் பாதி விலைதான் என்பதால், எங்கள் இடத்துக் கம்பத்தில் செருகும் சீட்டிலும் அவள் பெயர்தான். போகிற வருகிறவர்கள் எல்லாம் என்னைப் பார்த்து "மார்லிஸ் இருக்காங்களா?" என்று கேட்கிறார்கள். சரி, இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன், வெர்னன் என்று ஒருத்தன் வராமல் இருந்திருந்தால்.

வெர்னன் எப்படி வந்தான் என்று கேளுங்கள். சாயங்கால நேரத்தில் இந்த முகாம்களில் யாருக்கும் வேறு வேலை கிடையாது. புதிதாக வருகிறவன் டிரெய்லரைப் பின்னால் எடுத்து நிறுத்துவதை வேடிக்கை பார்க்க ஊரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடும். மார்லிஸ் பின்னால் நின்று கையை ஆட்டுவாள். வா என்றால் அவளுக்குப் போ, நில் என்றால் அவளுக்குக் கொஞ்சம் வா. இப்படித்தான் வயோமிங்கில் ஒரு தண்ணீர்க் குழாயைச் சாய்த்தேன், அடுத்த ஊரில் ஒரு மர மேஜையின் காலை முறித்தேன். இரண்டுமே வலப்பக்கம் நின்றன. இந்த நாட்டில் எதை நட்டாலும் வலப்பக்கமாகவே நடுகிறார்கள், ஏன் என்று புரியவில்லை. இந்த முகாமுக்கு வந்த அன்று வலப்பக்கம் இருந்த ஒரு மடக்கு நாற்காலி மேல் ஏறிவிட்டேன். அது வெர்னனுடைய நாற்காலி. அப்போது அவன் அதில் உட்கார்ந்திருக்கவில்லை என்பதை மிகுந்த வருத்தத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

நாற்காலி போனதற்கு ஒரு மனுஷன் கோபப்பட வேண்டுமா இல்லையா? இவன் கோபப்படவில்லை. நசுங்கியதைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து, "பழசுதாங்க, விடுங்க. அம்மா கை காட்டினது சரியாத்தான் இருந்துச்சு," என்றான். அந்த நிமிஷமே எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாற்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினவனாம். மனைவி இறந்து மூன்று வருஷமாம். வெள்ளி மாதிரி பளபளக்கும் சின்ன டிரெய்லர், இரும்புச் சட்டியில் ஆப்பிள் போட்டு ஏதோ சமைக்கிறான், மவுத் ஆர்கன் வேறு வாசிக்கிறான். மார்லிஸ் அவன் சட்டிக்குள் எட்டிப் பார்த்து, "இதுல பட்டைத்தூள் எவ்வளவு போட்டீங்க?" என்று கேட்கிறாள். என் சமையலை அவள் இப்படி எட்டிப் பார்த்ததே இல்லை. நான் சமைத்ததே இல்லை என்று அண்ணி சொல்வாள், அது வேறு விஷயம்.

இனிமேல்தான் சங்கதி. வெர்னனிடமும் பாஸ் இருந்ததாம், சட்டைப் பையில் வைத்து வாஷிங் மெஷினில் போட்டுக் காணடித்துவிட்டானாம். செவ்வாய்க்கிழமை காலை காபியோடு வந்து நிற்கிறான்.

"பூங்காவுக்குள்ள போயி டேங்க்குல தண்ணி நிரப்பிட்டு வரணும். அம்மா கூட வந்தாங்கன்னா வாசல்ல பிரச்சினை இருக்காது."

"எங்க முகாம்லயே தண்ணி வருதே," என்றேன்.

"அந்தத் தண்ணி ருசி வேற, ஆர்லன்," என்றாள் மார்லிஸ், அதற்குள் தொப்பியை மாட்டிக்கொண்டு.

தண்ணீர் பிடிக்கப் போகிறவன் வாளியோடு போவான், அல்லது கேனோடு போவான். இவன் டிரெய்லரையே வண்டியில் கட்டிக்கொண்டு கிளம்பினான். அண்ணா, நீங்களே சொல்லுங்கள். வீட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு, பக்கத்து சீட்டில் அடுத்தவன் பெண்டாட்டியை உட்கார வைத்துக்கொண்டு போகிறவன் திரும்பி வருவான் என்று எப்படி நம்புவது? பல் தேய்க்கிற பிரஷைக் கூட அவன் விட்டுவிட்டுப் போகவில்லை, எல்லாம் உள்ளேதான் இருந்தது. பிக்கப்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். வாசலில் அவர்கள் வண்டி நிற்கிறது, கூண்டிலிருந்து "வாங்கம்மா" என்ற குரல் எனக்கே கேட்கிறது, உள்ளே போய்விட்டார்கள். அடுத்து நான்.

"பாஸ் இருக்கா சார்?"

"இருக்கு. முன்னாடி போச்சே அந்தச் சிவப்பு வண்டி, அதுல இருக்கு."

"அது யாரோட பாஸ்?"

"என் சம்சாரத்தோடது."

"அவங்க ஏன் அந்த வண்டியில போறாங்க?"

இந்தக் கேள்வியை ஒரு சின்னப் பையன், அரசாங்கத் தொப்பி போட்டுக்கொண்டு, என் முகத்துக்கு நேரே கேட்டான். "தண்ணி பிடிக்க," என்றேன். "பாஸ் வச்சிருக்கிறவங்க வண்டியில இருந்தாத்தான் செல்லும் சார். இல்லேன்னா டிக்கெட் வாங்கணும்," என்றான், ரொம்ப மெதுவாக, ஆஸ்பத்திரியில் பேசுகிற மாதிரி. என் பெண்டாட்டியைப் பார்க்க நான் டிக்கெட் வாங்குவதா? மாட்டேன் என்று திரும்பினேன். திரும்பும்போது வலப்பக்கம் பாதைத் தடுப்புக்கு வைத்திருந்த ஆரஞ்சுக் கூம்புகள் நான்கு கீழே போயின. பின்னால் வரிசையில் நின்ற வண்டிக்காரர்கள் கை தட்டினார்கள்.

மத்தியானம் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். மார்லிஸின் உள்ளங்கை சிவந்திருந்தது. ஒரு போட்டோ கூட எடுத்திருக்கவில்லை. எங்கே போனாய் என்றேன். தண்ணி பிடிக்க என்றாள். மறுநாளும் தண்ணீர். அதற்கு மறுநாளும் தண்ணீர். அண்ணா, ஒட்டகம் கூட இவ்வளவு குடிக்காது. அதோடு விட்டதா? சாப்பிடும்போது தட்டை அடிப்பக்கமாகப் பிடித்துக்கொண்டு மெதுவாக இப்படித் திருப்புகிறாள், அப்படித் திருப்புகிறாள், உதட்டில் ஒரு சிரிப்பு. என்ன யோசனை என்றால் ஒன்றுமில்லை என்கிறாள். ஒன்றுமில்லாததற்கு எவளாவது தட்டைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாளா? நேற்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்: "எனக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்னு சொல்லு." அவள் கொஞ்சமும் யோசிக்காமல், "அவர் சொன்னா நிறுத்துவாரு," என்றாள். இதற்கு என்ன அர்த்தம் என்று நான் ராத்திரி முழுக்கப் புரண்டேன். இந்த ஊரில் விளக்குகளைச் சுற்றியெல்லாம் வேறு பெரிய பெரிய வட்டமாகத் தெரிகிறது, மலை உயரம் காரணம் போலிருக்கிறது, தூக்கமே வரவில்லை.

எனக்கு ஆறுதல் சொல்ல இங்கே நாதியில்லை. எட்டாம் எண் இடத்தில் ஜோலீன் என்று ஒரு நல்ல பெண்மணி இருக்கிறாள், அவள் மட்டும் பீச் பழக் கேக் கொண்டுவந்து கொடுத்து நான் மீன் பிடித்த கதைகளைக் கேட்டாள். மனுஷத் தன்மை இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

ஆகவே அண்ணா, முடிவு செய்துவிட்டேன். அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை லிங்கனில் உங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்குவேன், தனி ஆளாக. மாடி அறையைச் சுத்தம் செய்து வையுங்கள். மார்லிஸ் போன் செய்தால் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லுங்கள், லேசாக இல்லை, பலமாக. அப்புறம் ஒரு விண்ணப்பம். உங்கள் பாஸை அக்டோபர் வரை எனக்குக் கொடுத்துவைக்க முடியுமா? அடையாள அட்டை கேட்பார்கள், ஆனால் நம் இரண்டு பேருக்கும் அப்பாவின் மூக்குத்தானே, தொப்பியைக் கீழே இறக்கினால் யாருக்குத் தெரியப் போகிறது? அக்டோபர் வந்தால் முதல் காரியமாக எனக்கென்று ஒன்று வாங்கி, எந்த வாசலிலும் அவள் தயவில்லாமல் நுழைவேன். இது சத்தியம்.

அண்ணிக்கு என் நமஸ்காரம். உங்கள் நாய்க்கு என் பங்குக்கு ஒரு எலும்புத் துண்டு. வீட்டிலுள்ள எல்லாரும் நோய்நொடி இல்லாமல், பக்கத்தில் வெர்னன் யாரும் குடிவராமல், நீண்ட நாள் வாழக் கர்த்தரை வேண்டும்,

உங்கள் பாவப்பட்ட தம்பி,
ஆர்லன்

பின்குறிப்பு: பெரியத்தானுக்கு மார்லிஸ் எழுதுகிறேன். உறை மேல் முகவரி எழுதச் சொல்லி இவர் கடிதத்தை என்னிடம் நீட்டினார். கண் தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை, "உன் கையெழுத்துதான் அழகு" என்றார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவை சொன்னதில்லை, அதனால் சந்தேகப்பட்டுக் கெட்டில் ஆவியில் உறையைப் பிரித்தேன். அவருக்கு வலது கண்ணில் புரை. எனக்கு வயோமிங் குழாயிலேயே தெரிந்துவிட்டது. பூங்காவுக்குள்ளிருந்து போன் செய்து லிங்கனில் கண் டாக்டரிடம் திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கியாச்சு, கார்லா அக்காவுக்கு எல்லாம் தெரியும். வெர்னன் பாவம், எழுபத்தெட்டு வயசு, பூங்காவுக்குள் பெரிய வண்டி நிறுத்துகிற மைதானத்தில் டிரெய்லரைப் பின்னால் எடுக்கச் சொல்லிக்கொடுத்தார். ஸ்டியரிங்கை அடிப்பக்கம் பிடித்தால் கை போகிற பக்கம் டிரெய்லர் போகுமாம், தட்டை வைத்துப் பழகினேன். ஞாயிற்றுக்கிழமை இவர் தனியாக வரமாட்டார், நான் ஓட்டிக்கொண்டு வருவேன், இவருக்கு இன்னும் தெரியாது. உங்கள் வாசலில் வலப்பக்கம் இருக்கிற ரோஜாச் செடியை எடுக்க வேண்டாம், ஓட்டுவது நான்தான்.

உங்கள் பாஸைத் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். அக்டோபரில் தனக்கென்று வாங்கப் போனாலும் ஏதாவது சொல்லித் தடுத்து வையுங்கள். கண்ணுக்காகத்தான் ரிவர்ஸ் எடுக்கக் கத்துக்கிட்டேன்னு அக்காகிட்ட சொல்லியிருக்கேன், அது பாதி உண்மை. அந்த எட்டாம் நம்பர் ஜோலீன் இருக்காளே, அவளுக்கு அறுபத்திமூணு, அவகிட்டயும் பாஸ் இருக்கு, இவர் மீன் கதைக்குக் கண்ணுல தண்ணி வர சிரிக்கிறா. நாலு பக்கம் வெர்னனைப் பத்தி எழுதின மனுஷன் அவளைப் பத்தி எவ்வளவு எழுதியிருக்காருன்னு நீங்களே எண்ணிப் பாருங்க. நேத்து கேக்குல ரெண்டாவது துண்டும் சாப்பிட்டாரு. வண்டிய நானே பின்னால எடுத்து இந்த இடத்தை விட்டு வெளியே கொண்டுபோகணும்னு அவ முதல் துண்டைக் கொண்டுவந்த அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். இவர் சாகும்வரைக்கும் கூட வருகிறவராவே இருக்கட்டும்.