என் புருவம் கொடுத்த வாக்கு

டுமகெட்டி அருகே, நீக்ரோஸ் தீவு, பிலிப்பைன்ஸ்
20 ஜூலை 1999

என் மேல் பாசத்தையும் கோபத்தையும் சரிபாதியாக வைத்திருக்கும் அக்கா டோரீனுக்கு,

தம்பி வென்டல் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம், மழை வந்தால் மட்டும் முழங்கால் முனகுகிறது. உன் சுகத்தை, கடிதத்தில் பேனா காகிதத்தைக் கிழித்திருந்த இடங்களைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். ஒஹாயோ வீட்டில் எனக்காகக் கீழறைக்கு வெள்ளையடித்துக் கட்டிலும் போட்டாயிற்று, அக்டோபரில் ஆப்பிள் பறிக்கும்போது நான் அங்கே இல்லாவிட்டால் இனி உனக்குத் தம்பியே இல்லை என்று எழுதியிருந்தாய். வருகிறேன் அக்கா. ஆனால் அதற்கு நீ ஒரு உதவி செய்ய வேண்டும். பொறுமையாகப் படி. இங்கே மத்தியானத்தில் யாரும் எதற்கும் அவசரப்படுவதில்லை. கடல்கூட அரைத் தூக்கத்தில் புரண்டு படுக்கிறது. வலையூஞ்சலில் கிடந்தபடிதான் இதை எழுதுகிறேன், நடுநடுவே கண் அசந்துவிடுகிறது.

என் புருவக் கதை உனக்குத் தெரியும். அறுபத்தெட்டில் வியட்நாமில் குண்டுத் துணுக்கு நெற்றி நரம்பை உரசியதிலிருந்து, இரண்டு புருவமும் தோன்றிய நேரத்தில் தாமாக எகிறும். ராணுவம் எனக்கு ஊனமுற்றோர் ஓய்வூதியம் தருவதே பெரும்பாலும் அதற்காகத்தான். அங்கே அமெரிக்காவில் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. உன் சமையலைப் பார்த்து வியக்கிறேன் என்று நீ சந்தோஷப்பட்டாய். இந்த ஊரில் நிலைமை வேறு. இங்கே யாரும் 'சரி' என்று சொல்ல வாயைத் திறப்பதில்லை. புருவத்தைத் தூக்கினால் போதும், சம்மதம். இது எனக்குத் தெரியவே மூன்று மாதமாயிற்று, அதற்குள் வெள்ளம் தலைக்கு மேல் போய்விட்டது.

வந்திறங்கிய அன்றைக்கே மூன்று சக்கர வண்டி ஓட்டும் நெமேசியோ, "அண்ணே, என் மச்சான் வீடு காலியா இருக்கு, பாக்குறீங்களா?" என்றான், புருவம் எகிறியது, பார்த்தேன், "புடிச்சிருக்கா?" என்றான், எகிறியது, குடிவந்தேன், வீட்டுப் பின்னால் கட்டியிருந்த பன்றியும் அதே வேகத்தில் எனதாயிற்று, இப்போது அது என் ஊஞ்சலுக்கு அடியில் படுத்து என்னைவிடச் சத்தமாகக் குறட்டை விடுகிறது. அப்புறம் சண்டைச் சேவல் ஒன்றில் பாதிப் பங்கு வாங்கினேனாம். முதல் கொத்திலேயே அதன் கதை முடிய, காடி விட்டுச் சமைத்து, என் பாதியை மரியாதையா வீட்டுக்கே கொண்டாந்து குடுத்துட்டாங்க. ஒன்பது குழந்தைக்கு ஞானத்தகப்பன் ஆயிட்டேன் அக்கா, ஒன்பது! எல்லாம் என்னைப் பார்த்தா நெற்றியைத்தான் பார்க்குது. மே மாசத் திருவிழாவுக்கு யார் தலைமைன்னு கோயில்ல கேட்டாங்க, ஊரே என் முகத்தைப் பார்த்துச்சு, மூணு நாள் ஊருக்கே சோறு போட்டேன்.

திருவிழா முடியுமுன்பே பொறுக்க முடியாமல் நெமேசியோவைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"டேய், இது வியாதிடா. நான் சரின்னு சொல்லலடா."

"அப்ப நெசமாவே சரின்னா என்ன பண்ணுவீங்க?"

"புருவத்தைத் தூக்குவேன்."

"அதத்தானேண்ணே பண்றீங்க?"

மறுநாள் புருவங்களின் மேல் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு போனேன். அண்ணனுக்கு மண்டையில் அடி என்று எட்டு வீட்டிலிருந்து கஞ்சி வந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுக்குமுன் பிளாஸ்திரியோடு சேர்ந்து புருவம் எகிறியது.

தெருமுனையில் பெட்டிக்கடை வைத்திருக்கும் பெர்பெத்துவா மட்டும் விவரமானவள். கணவன் இறந்து பதினோரு வருஷமாகத் தனியாகக் கடை நடத்துகிறாள். "கருவாடு வேணுமா?" என்பாள். புருவம் எகிறும். "இது நரம்பு. இப்ப நீங்க சொல்லுங்க" என்று என் முகம் அடங்கும்வரை காத்திருந்து இரண்டாம் முறை கேட்பாள். ஒரு நாளும் வேண்டாத சாமானை என் தலையில் கட்டியதில்லை. அப்படிப்பட்டவளே போன வாரத்துக்கு முந்தின வாரம், மழை பிடித்து நான் கடைக்குள் ஒதுங்கியிருந்தபோது, மாங்காய் நறுக்கிக்கொண்டே, "உங்களுக்கு ஒரு அடுப்பு, எனக்கு ஒரு அடுப்பு, என்னத்துக்கு? என்னைக் கட்டிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டாள். புருவம் போய்விட்டது மேலே. என்ன அவசரமோ, இரண்டாம் முறை கேட்கவே இல்லை. உள்ளே போய்த் தலை சீவிக்கொண்டு வந்து, மிச்ச மாங்காயை உப்புத் தொட்டு என் கையில் கொடுத்தாள். முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எங்கள் கல்யாண ஓலையை வாசித்துவிட்டார்கள். அடுத்த மாதம் கல்யாணம்.

ஆகவே அக்கா, அந்த ராணுவ ஆஸ்பத்திரி டாக்டரைப் பார்த்து, நரம்பை மரத்துப்போகச் செய்யும் மஞ்சள் மாத்திரையை வாங்கி உடனே விமானத் தபாலில் அனுப்பு. அதைப் போட்டுக்கொண்டு, அசையாத முகத்தோடு அவள் முன்னால் நின்று நடந்ததை விளக்கிவிட்டு, அக்டோபருக்குள் உன் ஆப்பிள் மரத்தடிக்கு வந்துவிடுகிறேன்.

உன் இடுப்புவலி தீரட்டும், மரங்கள் கிளை ஒடியக் காய்க்கட்டும், உன் பூனை என்னை மறக்காதிருக்கட்டும்.

உன் தம்பி,
வென்டல்

பி.கு.: மேலே எழுதியதெல்லாம் உனக்குப் பயந்து எழுதியது. கிழித்துவிட்டு வேறு எழுதலாம், சோம்பலாக இருக்கிறது. மாத்திரை வேண்டாம். திருவிழா முடிந்த நாளிலிருந்து என் புருவம் தானாக எகிறவில்லை. டுமகெட்டியில் டாக்டர் விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் முகத்தையே பார்த்துவிட்டு, சரியாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்தார். அதைப் பென்ஷன் ஆபீசுக்கும் அனுப்பிவிட்டேன். குறைக்கிறதைக் குறைத்துக்கொள்ளட்டும், இனி ஒரே அடுப்புத்தானே. அந்தக் கீழறைக் கட்டிலைக் கொஞ்சம் அகலமானதாக மாற்றி வை, ஏதாவது ஒரு அக்டோபருக்கு இரண்டு பேராக வருகிறோம். எனக்குக் குணமானது டாக்டருக்கு முன்னாலேயே பெர்பெத்துவாவுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் அன்றைக்கு ஒரே முறை கேட்டாள். புருவத்தைத் தூக்கியது நான்தான் அக்கா.