கிளிக்கு ஒதுக்கிய அறை

"நீங்க ஒரு கிளின்னு வச்சுக்குங்க. இந்த ரூம்ல எங்கே மாட்டிக்கிட்டுச் சாவீங்க?"

கட்டிலுக்கு அடியில் குப்புறக் கிடந்த கண்டக்டருக்கு இந்தக் கேள்வி பிடிக்கவில்லை. கையில் டார்ச். மூக்கில் தூசி. மேலே கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேட்பவள், கட்டின மனைவி.

"இங்கே ஒரு ஒயர் தொங்குது. இதைக் கொத்தினா சாவேன்."

"சுருட்டிக் கட்டிடுங்க. அப்புறம்?"

"பீரோவுக்குப் பின்னாடி ஒரு இடுக்கு. விழுந்தா மேலே வர முடியாது."

"அடைச்சிடுங்க. நல்லாத்தான் சாவுறீங்க. அப்புறம்?"

தவளை தன் வாயால் கெடும். கண்டக்டர் கிளியால் கெட்டார். இரண்டுக்கும் காரணம் வாய்தான்.

மனைவியின் தம்பிக்கு இந்த ஊருக்கு வேலை மாற்றல். வேறு இடம் கிடைக்கிற வரைக்கும் அக்கா வீட்டில் தங்குகிறேன் என்று போன் செய்திருந்தான். வீட்டில் உபரியாக இருப்பது ஒரே ஒரு அறை. பகலெல்லாம் "உள்ளே போங்க, உள்ளே போங்க" என்று பஸ்ஸில் தொண்டை கிழியக் கத்திவிட்டு வரும் கண்டக்டர், ஒரு வார்த்தை பேசாமல், ஒரு வார்த்தை கேட்காமல் கிடப்பது அந்த அறையில்தான். தம்பியோ தண்ணீர் குடிக்கும்போதும் பேசுகிறவன். புரையேறும். புரையேறிய கதையை அப்புறம் தனியாகச் சொல்வான்.

வேண்டாம் என்று நேராகச் சொல்லியிருக்கலாம். அதற்கு முதுகெலும்பு வேண்டும். "அந்த ரூம்ல நான் கிளி வளர்க்கப் போறேன். சின்ன வயசு ஆசை" என்று அடித்துவிட்டார்.

சண்டை வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

"ஆசைன்னா ஆசைதானேங்க. தம்பிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மனுஷன் ஜெயித்துவிட்டதாக நினைத்துக் குறட்டை விட்டார்.

மறுநாளே அவள் பிராணி டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தாள். வேலை ஆரம்பித்தது. ஜன்னலுக்குக் கம்பிவலை அடித்தார். பறக்கும்போது அடிபடும் என்று, கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த சீலிங் ஃபேனைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேன் வைத்தார்.

"கிளிக்குப் புகை ஆகாதாம்" என்றாள்.

"நம்ம வீட்ல ஏது புகை?"

"பாத்ரூம்ல தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு ஊதுறீங்களே, அது."

கண்டக்டர் சிகரெட் பாக்கெட்டைக் குப்பையில் போட்டார்.

வேடிக்கை என்னவென்றால், செய்யச் செய்ய அவருக்கே ஆர்வம் தொற்றிக்கொண்டது. கிளிக்குக் கண் இரண்டும் இரண்டு பக்கம் இருக்கிறதே, எதிரே இருப்பதை எப்படிப் பார்க்கும்? குச்சியைப் பிடித்தபடி தூங்குகிறதே, பிடி நழுவாதா? பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்கிய ஒருவரின் விரல்களைக் குனிந்து உற்றுப் பார்த்தார். அந்த ஆள் கண் விழித்து, "மோதிரமாய்யா பாக்குற?" என்று சட்டையைப் பிடித்துவிட்டான். இதெல்லாம் தேவையா?

ஞாயிற்றுக்கிழமை வாசல் மணி அடித்தது.

"என்னங்க, கிளி வந்தாச்சு!"

ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். முதலில் ஒரு கூண்டு. கூண்டுக்குப் பின்னால் ஒரு பெட்டி. பெட்டிக்குப் பின்னால் தம்பி.

"மாமா! கிளின்னா உசிரையே விடுவீங்களாமே! அக்கா சொன்னதும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. கூட வேலை பாக்கிறவர் வீட்டுக் கிளி மாமா, ஒரு வாரமா என்கூடத்தான் படுக்கை. வர்ற வழியில ஒருத்தர் கேக்கிறாரு, இது கடிக்குமான்னு. நான் சொன்னேன்..."

"இரு மாப்ளே. நீ எங்கே தங்கப் போற?"

பதில் மனைவியிடமிருந்து வந்தது. "கிளி புது இடத்துல மிரளும்ங்க. பழகின ஆள் பக்கத்துல படுத்துக்கணுமாம். டாக்டரே சொல்லிட்டாரு."

தம்பி அதற்குள் அறையில் கட்டிலில் உட்கார்ந்து குதித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாசக்கதவைச் சாத்துங்க. கூண்டைத் திறக்கப் போறேன்" என்றாள் மனைவி.

கண்டக்டருக்குப் பொறி தட்டியது. கிளியே போய்விட்டால் கிளிக்குத் துணை எதற்கு? கதவுப் பக்கம் போனார். கைப்பிடியைப் பிடித்தார். சாத்தவில்லை.

கிளி வெளியே வந்தது. பறக்கவில்லை. ஸ்டாப்பிங்கில் இறங்கப் போகிற ஆள் மாதிரி அவசரமில்லாமல் நடந்து வந்து வாசற்படியில் நின்றது. தலையைச் சாய்த்து இடது கண்ணால் தெருவைப் பார்த்தது. திருப்பி வலது கண்ணால் பார்த்தது. ஓ, இப்படித்தான் பார்க்குமா! கண்டக்டர் ஒரு நொடி சதியையே மறந்துவிட்டார்.

பிறகு நினைவு வந்து, "போலாம், ரைட்" என்று கிசுகிசுத்தார்.

கிளி யோசித்தது. திரும்பியது. அவர் பாதத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது.

"சாத்த மாட்டீங்கன்னு தெரியும்" என்றாள் மனைவி பின்னாலிருந்து. "அதான் இறகை நறுக்கிக் கொண்டுவாடான்னு சொன்னேன். புது இறகு முளைக்கட்டும். அதுவரைக்கும் தம்பி கூட இருந்து பாத்துக்குவான்."

கண்டக்டருக்கு மெல்ல உறைத்தது. "பறக்காத கிளிக்கு ஜன்னல்ல வலை எதுக்கு?"

"தம்பிக்குக் கொசுக்கடி ஆகாது."

"ஃபேன்?"

"கடகடன்னு கேட்டா அவனுக்குத் தூக்கம் வராது."

"புகை?"

"அது எனக்கு ஆகாது."

உள்ளே தம்பி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். உள்ளே யாரும் இல்லை.

"இப்பவாவது கதவைச் சாத்திட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

சாத்தவில்லை. கால்மேல் கிளி தூங்கிவிட்டது.